வயோலாவுக்கு ஒரு முதுகலை: எந்த ஊர், எவ்வளவு கடன்?

"ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க முதுகலைப் பட்டம் எதற்கு சார்?" என்று கேட்டார் வங்கி மேலாளர். அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. புதுச்சேரியில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் கீபோர்டும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பழைய சினிமாப் பாட்டுப் பாடும் குழுதான். என் தங்கை மகள் வயோலாப் பெட்டியை (வயலினைவிடச் சற்றுப் பெரிய, சுருதி தாழ்ந்த வாத்தியம்) மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் 34 வருடம் வேறொரு வங்கியில் அதே மாதிரி நாற்காலியில் இருந்து கல்விக் கடன் மனுக்களைப் புரட்டியவன். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எண்பது தொண்ணூறு பேர் உட்காரும் சிம்பொனி இசைக்குழு என்று விளக்கினேன். அதில் ஓர் இடம் காலியானால் அறிவிப்பு வரும், ஆடிஷன் நடக்கும், முதல் சுற்றிலாவது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை தொங்கும், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்றேன். அவர் விடவில்லை. "திரைக்குப் பின்னால் இருப்பவருடைய பட்டம் எப்படித் தெரியும்? அப்படியென்றால் பட்டம் எதற்கு?"

சரியான கேள்வி. தெருவில் இறங்கி நடக்கும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பட்டம் தனியாக வேலை வாங்கித் தராது. ஆனால் அது நான்கு பொருள்களை மூட்டையாகக் கட்டித் தருகிறது: வாரந்தோறும் ஒரு நல்ல ஆசிரியர், உட்கார்ந்து வாசிக்க ஒரு முழு இசைக்குழு, அந்த நாட்டில் இருப்பதற்கான விசா, மற்றக் கவலை இல்லாமல் பயிற்சி செய்ய இரண்டு வருடம். இந்த நான்கும் எந்த ஊரில் எவ்வளவு கடனுக்குக் கிடைக்கின்றன என்பதுதான் ஒப்பிட வேண்டியது. தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. தங்கை மகள் ஒருத்தி. இன்னொருவன் என் பெரியப்பாவின் பேரன், வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான செல்லோவை வாசிக்கிறவன், என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒருவருக்குச் சரியான வழி மற்றவருக்குச் சரிப்படவில்லை. காரணம் 1962.

அந்த வருடம் ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சு இந்தியாவை ஒப்படைக்கும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா முதலியார்பேட்டைப் பஞ்சாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் யார் அலைவது என்று விட்டுவிட்டார். அறுபது வருடம் கழித்து ஒரு பேரனிடம் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஒரு பேத்தியிடம் இல்லை. இந்தப் படிப்பைப் பொறுத்தவரை பல லட்ச ரூபாய் வித்தியாசம் இது.

எல்லா ஊரும் கேட்பது

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் சேர்க்கையில் முக்கால் பங்கு ஆடிஷன்தான். வயோலாவுக்கு வழக்கமாகக் கேட்பவை: இசையமைப்பாளர் பாக்கின் தனி வாத்தியப் படைப்பிலிருந்து ஒன்றிரண்டு பகுதிகள் (பெரும்பாலும் செல்லோவுக்கு எழுதிய சூட்டுகளை வயோலாவுக்கு மாற்றியது), ஒரு பெரிய கான்செர்ட்டோவின் (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) முதல் பகுதி, மாறுபட்ட பாணியில் ஒரு சொனாட்டா அல்லது இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு, சில இடங்களில் ஒரு பயிற்சித் துண்டு. கான்செர்ட்டோ என்றால் பார்ட்டோக், வால்டன், ஹிண்டமித் மூவரில் ஒருவர் என்பது கிட்டத்தட்ட எழுதாத சட்டம். வயலினுக்குப் பாகனினி கேப்ரிஸ் ஒன்று சேரும். செல்லோவுக்கு ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோ இல்லாமல் ஐரோப்பாவில் பேச்சே எடுக்க முடியாது.

இசைக்குழு வாசிப்பையே குறிவைத்த முதுகலை என்றால் ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளும் உண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் டான் ஹுவான் தொடக்கத்தை வயலினும் வயோலாவும் வாழ்நாள் முழுவதும் வாசித்துத் தேய்ப்பார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி வயோலாவுக்கும் செல்லோவுக்கும், ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் தனிப்பேச்சு மாதிரியான வரிகள் டபுள் பேஸுக்கு.

நம் பிள்ளைகள் இதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தங்கை மகள் எட்டு வயதில் அரியாங்குப்பத்தில் ஒரு ஆசிரியரிடம் கர்நாடக வயலின் தொடங்கினாள். தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டி வாசிப்பது. பதிமூன்று வயதில்தான் தோளில் ஏற்றினாள், அப்புறம் வயோலாவுக்கு மாறினாள். செவி அபாரம். சுருதி அரை இழை பிசகினால் முகம் சுளிப்பாள். ஆனால் காகிதத்தில் இருப்பதைப் பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கம் மிகத் தாமதமாக வந்தது. இன்னொன்று, நம் வயலினிஸ்ட் பாடகரை நிழல்போலத் தொடர்ந்து, இடம் கிடைத்தால் தன் கற்பனையைக் காட்டுபவர். இசைக்குழுவில் பத்து வயோலாக்களும் ஒரே வில்லசைவில், வில்லின் ஒரே இடத்தில், ஒரே அளவு ஒலியோடு இருக்க வேண்டும். தன்னை மறைத்துக்கொள்ளும் அந்தக் கலையை யூடியூப் பார்த்துக் கற்க முடியாது. மற்ற ஒன்பது பேர் வேண்டும். முதுகலைக்குப் போவதற்கு நான் ஒப்புக்கொண்டதன் முதல் காரணம் இதுதான்.

ஆடிஷனுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இளங்கலைப் பட்டம். எங்கள் தலைவலி அங்கே தொடங்கியது. அவள் படித்தது மூன்று வருட பி.காம். இசையில் கையில் இருந்தது டிரினிட்டி காலேஜ் லண்டனின் எட்டாம் கிரேடும் அதற்கு மேல் எல்.டி.சி.எல். டிப்ளமாவும். அந்த டிப்ளமா இங்கிலாந்துத் தகுதிச் சட்டகத்தில் ஆறாம் நிலை, அதாவது இளங்கலை இறுதியாண்டுக்கு இணை. ஆனால் அது பட்டம் அல்ல. ஒவ்வொரு நாடும் இந்தக் காகிதங்களை ஒவ்வொரு விதமாகப் படித்தது.

இங்கேயே இருந்தால்

முதலில் இதைப் பார்த்தோம், ஏனென்றால் செலவே இல்லை. கடலூர் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரியின் வழிவந்த துறை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் அங்கே கற்பிப்பது கர்நாடக இசை. வயலின் என்ற பெயரை மட்டும் பார்த்து மேற்கத்திய இசைக்குழுவுக்கு இது வழி என்று நினைத்துச் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து இருநூறு வருடமாக அந்த வாத்தியம் நம்முடையது. அது இன்னொரு இசை, இன்னொரு உத்தியோகம்.

சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி, அதாவது இசைக் கல்லூரி, இருக்கிறது. மேற்கத்திய இசையில் அடித்தளம் போட நல்ல இடம், ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது அதற்கு அடுத்த படி. மும்பையில் 2006இல் என்.சி.பி.ஏ. என்ற கலை மையம் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான் நாட்டின் ஒரே தொழில்முறை சிம்பொனி இசைக்குழு. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு ஒன்று. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசம். கோடம்பாக்கத்தில் தந்தி வாத்தியக் குழுக்கள் நிரம்பி வழிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது பின்னணி இசைக்கான பெரிய பதிவுகள் புடாபெஸ்டுக்கும் மாசிடோனியாவுக்கும் போய்விடுகின்றன. இங்கேயே டிரினிட்டியின் அடுத்த டிப்ளமாவான எஃப்.டி.சி.எல். வரை தேர்வு எழுதி, வகுப்பெடுத்துக்கொண்டு, அவ்வப்போது பதிவுக்குப் போய் வாழலாம். கௌரவமான வாழ்க்கைதான், நானே ஓய்வுக்குப் பின் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் பத்து வயோலாக்களில் ஒன்றாக உட்காரும் பழக்கம் இதில் வராது.

இங்கிலாந்து

காகிதத்தில் எங்களுக்கு மிக எளிதாகத் திறந்த கதவு இது. ராயல் அகாடமி 1822இல் தொடங்கியது, ராயல் காலேஜ் 1882இல். பிறகு கில்டுஹால், மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன், கிளாஸ்கோ, பர்மிங்காம், கார்டிஃப். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யூகாஸ் கன்சர்வேட்டரீஸ் என்ற ஒரே வாசல் வழியாக அக்டோபர் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், சேர்வது அடுத்த செப்டம்பரில். பட்டம் வேறு துறையில் இருந்தாலும் வாசிப்பு தரமாக இருந்தால் பரிசீலிப்பார்கள். டிரினிட்டி டிப்ளமா என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவர்களிடம் வீடியோவையும் ஏற்கிறார்கள். கில்டுஹாலில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு இணைந்து நடத்தும் இசைக்குழுக் கலைப் பாடப்பிரிவு இருக்கிறது. இசைக்குழுவே குறி என்பவருக்கு அதைவிட நேரான பெயர் கிடைக்காது.

அப்புறம் கட்டணத்தைப் பார்த்தேன். லண்டன் கன்சர்வேட்டரிகளில் வெளிநாட்டவருக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல், சில இடங்களில் 30,000ஐத் தொடும். லண்டன் வாடகையையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு என் கணக்கில் 45 லட்சத்தை நெருங்கியது. இரண்டு வருடம் வேண்டாம், ஒரே வருடம் என்று வைத்து, 40 லட்சம் கடன் வாங்கினால், 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபாய். வங்கியில் இருந்தபோது இப்படி ஒரு மனு வந்தால் ஓரத்தில் ஒரு சிறிய கேள்விக்குறி போடுவேன். இசைஞருக்கு முதல் சில வருடம் மாதச் சம்பளமே கிடையாது, அழைப்புக்கு அழைப்பு கூலி. கன்சர்வேட்டரியே பெரிய உதவித்தொகை தந்தாலொழிய இது நடுத்தரக் குடும்பத்துக்கு ஆகாது. எங்களுக்கு வந்தது கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடி. கடிதத்தை அவள் தங்க முலாம் பூசியதுபோல் பார்த்தாள். நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜெர்மனி

கணக்குப் பார்க்கிறவனுக்கு ஜெர்மனி சொர்க்கம். அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்குச் சில நூறு யூரோ நிர்வாகத் தொகை மட்டும். பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. லைப்சிக் கல்லூரி இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1843இல் தொடங்கியது. பொதுப்பணத்தில் நடக்கும் தொழில்முறை இசைக்குழுக்கள் மட்டும் அந்த நாட்டில் நூற்றுக்கு மேல். நிரந்தர வேலை, கூட்டு ஒப்பந்தப்படி சம்பளம். நம் ஊரில் அரசு உத்தியோகம் என்று சொன்னால் புரியும்.

செலவு என்பது வாழ்க்கைச் செலவுதான். விசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம். அது அவர்கள் பிடுங்கிக்கொள்ளும் பணம் அல்ல, மாதாமாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பும். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். இசை மாணவர்களுக்கென்று ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் தனி உதவித்தொகையும் வைத்திருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, தங்கை மகளை ஏன் அங்கே அனுப்பவில்லை? இரண்டு பூட்டுகள். முதல் பூட்டு இளங்கலை. அங்கே இசை இளங்கலையே பெரும்பாலும் எட்டுப் பருவம், நான்கு வருடம். அதன் மேல் நான்கு பருவ முதுகலை. பி.காம். வைத்துக்கொண்டு அந்த முதுகலைக்குள் நுழைய வழியில்லை. இளங்கலையிலிருந்து தொடங்க வேண்டும், ஆறு வருடம். இரண்டாவது பூட்டு ஜெர்மன் மொழி. பி1 அல்லது பி2 என்ற நடுத்தர நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் ஒப்பேற்றலாம், ஆனால் ஒத்திகையில் நடத்துனர் எந்த மொழியில் கத்துகிறாரோ அந்த மொழி தெரிய வேண்டும். இதற்கிடையில் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றும் (நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம்.

சொல்லாமல் விடக்கூடாத மூன்றாவது விஷயமும் உண்டு. அங்கே நுழைவுத் தேர்வு பெரும்பாலும் நேரில். நாம் தேர்ந்தெடுப்பது கல்லூரியை அல்ல, பேராசிரியரை. அவர் வகுப்பில் அந்த வருடம் ஓரிரு இடம்தான் காலியாக இருக்கும். முன்கூட்டியே கடிதம் எழுதி, ஒரு பாடம் எடுத்துக்கொண்டு, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விமானம் ஏறித் திரும்பியவர்கள் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் தொலைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா பேரனுக்கு இந்தப் பூட்டுகள் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு லீசே பள்ளியில் படித்தபோது மூன்றாவது மொழியாக ஜெர்மன் எடுத்திருந்தான். பிறகு பிரான்சில் மூன்று வருடம் இசை படித்து டி.என்.எஸ்.பி.எம். டிப்ளமாவும் அதோடு பல்கலைக்கழக லிசான்ஸும் (இளங்கலைப் பட்டம்) பெற்றான். பாஸ்போர்ட்டால் விசாவும் வேண்டாம், முடக்கக் கணக்கும் வேண்டாம், பாடன்-வுர்ட்டெம்பர்க்கின் 1,500 யூரோவும் வேண்டாம். அவன் கண் வைத்தது டார்ட்மண்ட் நகரில் டெட்மோல்ட், டுசெல்டார்ஃப், எஸ்ஸன், கொலோன் ஆகிய நான்கு ஊர் இசைக் கல்லூரிகளும் கூட்டாக நடத்தும் இசைக்குழு மையம். அங்கே முதுகலையின் பெயரே ஆர்கெஸ்ட்ரா வாசிப்பு. பாடமும் அதுதான்: ஆடிஷன் பகுதிகள், மாதிரி ஆடிஷன்கள், தொழில்முறை இசைக்குழுக்களோடு வாசிப்பு. இந்தக் கட்டுரையில் நான் பார்த்தவற்றுள் வேலைக்கு மிக அருகில் இருக்கும் படிப்பு அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பிரான்சு

புதுச்சேரிக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் சொல்வதற்கு அதிகம் இல்லை. பாரிஸ் கன்சர்வத்துவார் 1795இல் தோன்றியது. அதுவும் லியோனும்தான் தேசிய அளவில் உச்சம். கட்டணம் வருடத்துக்குச் சில நூறு யூரோ. மூன்று வருட முதல் சுற்று, இரண்டு வருட இரண்டாம் சுற்று, அதுதான் முதுகலை. நுழைவுப் போட்டி கடுமை, முதல் சுற்றுப் படிப்பில் சேர வயது வரம்பும் உண்டு, பிரெஞ்சு தெரியாமல் காலம் தள்ள முடியாது. லீசேயில் படித்த பிள்ளை, பதினெட்டு வயதுக்குள் முடிவெடுத்துவிட்ட பிள்ளை என்றால் இதைவிட மலிவான நல்ல வழி கிடையாது. பி.காம். முடித்துவிட்டு இருபத்திரண்டில் யோசிக்கிறவருக்கு அல்ல. பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேசில் இரண்டு நிலை முடித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சிங்கப்பூரின் யோங் சியு டோ கன்சர்வேட்டரியையும் பார்த்தோம். தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது, ஆங்கிலம், நான்கு மணி நேர விமானம், தமிழ்ச் சாப்பாடு. அம்மாக்களுக்குப் பிடித்த வழி. ஆனால் வகுப்புகள் சிறியவை, அந்த வருடம் வயோலாவுக்கு எங்களுக்கு அமையவில்லை. ஹங்கேரி அரசின் ஸ்டிப்பெண்டியம் ஹங்கேரிகம் உதவித்தொகையில் இந்தியர்கள் புடாபெஸ்டின் லிஸ்ட் அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம். இசை இளங்கலை முடித்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அமெரிக்கா

மாஸ்டர் ஆஃப் மியூசிக் என்பது வழக்கமாக இரண்டு வருடம், குறைந்தது 30 கிரெடிட். ஒவ்வொரு பருவமும் தனிப்பாடமும் இசைக்குழுவும் உண்டு, சேம்பர் இசை (சிறு குழுவாக வாசிப்பது), இசை வரலாறு, ஹார்மனி (சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதன் இலக்கணம்), நூலக ஆய்வு முறை ஒரு பாடம், ஒன்று அல்லது இரண்டு தனிக் கச்சேரி, முடிவில் பல இடங்களில் வாய்மொழித் தேர்வு. சேர்ந்த முதல் வாரத்தில் ஹார்மனியிலும் வரலாற்றிலும், பல இடங்களில் செவித் திறனிலும், ஒரு நிலைத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் வெளியே அனுப்ப மாட்டார்கள், கீழ்வகுப்புப் பாடத்தைக் கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நெகிழ்வுதான் பிடிமானம். இசை இளங்கலை "அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருக்கும். அந்த இணை என்ற சொல்லுக்குள் பி.காம்.மும் எல்.டி.சி.எல்.லும் நுழையுமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் கடிதம் எழுதிக் கேட்டோம். ஆறில் மூன்று சரி என்றன. மூன்று வருடப் பட்டத்தை நான்கு வருடத்துக்கு இணையாக ஏற்க மாட்டோம் என்று இரண்டு இடம் மறுத்தன. ஒன்று பதிலே எழுதவில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள்.

கட்டணம் என்று பார்த்தால் பெரிய தனியார் கன்சர்வேட்டரிகளில் வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டும். ஆனால் அங்கே இரண்டு விசித்திரங்கள். ஒன்று, பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைப் பள்ளி 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. யேல் பல்கலைக்கழக இசைப் பள்ளியும் 2005இல் வந்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு வாங்குவதில்லை. அங்கே இடம் கிடைப்பது குறிஞ்சிப்பூ. இன்னொன்று, நாம் பெயர் கேள்விப்படாத மாநிலப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் இசைக்குழுவில் வயலின் வரிசை நிரம்பியிருக்கும், வயோலாவும் பேஸும் காலியாக இருக்கும். ஆகவே முதுகலை மாணவர் தந்தி வாத்திய நால்வர் குழுவில் வாசிக்க, இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க என்று உதவியாளர் பணி தருவார்கள். கட்டணம் தள்ளுபடி, மாதம் ஒரு தொகை. வயலினை விட்டு வயோலாவுக்கு மாறியபோது வீட்டில் எல்லோரும் திட்டினோம். அந்த மாற்றத்தின் விலை என்னவென்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

குறை உண்டு. படிப்புக்குப் பின் 12 மாதம்தான் வேலை அனுமதி. பொறியியல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு வாத்தியம் வாசிப்பவருக்குக் கிடையாது. அங்கே ஓர் இசைக்குழு இடத்துக்கு நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். ஆகவே அமெரிக்கப் பட்டத்தை அமெரிக்க வேலைக்கான டிக்கெட்டாக நினைத்துப் போகக் கூடாது. கடனில்லாமல் இரண்டு வருடம் இசைக்குழுவில் உட்கார இடம் என்று நினைத்தால் அதைவிட நல்ல பேரம் எங்களுக்கு அமையவில்லை.

நாள் விஷயத்தில் சூடு பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பல அமெரிக்கப் பள்ளிகளுக்கு முன்தேர்வு வீடியோவோடு விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 1. நம் ஊருக்கு அது என்ன காலம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு விண்ணப்பங்களை நவம்பர் 27க்குள் அனுப்பிவிட்டாள். மூன்றாவதற்கு மட்டும் பார்ட்டோக்கில் ஒரு இடம் சுத்தமாக விழவில்லை என்று மீண்டும் பதிவு செய்தாள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையில் ஏறியது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரம் இல்லை, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மடிக்கணினியில் வீடியோ நாற்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. பிறகு எழுதிக் கேட்டோம், நாள் கடந்துவிட்டது என்று பணிவாகப் பதில் வந்தது. அவள் மிகவும் விரும்பிய ஆசிரியர் இருந்த இடம் அது. அடுத்து யார் கேட்டாலும் தீபாவளிக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் என்று சொல்கிறேன். பியானோவில் துணை வாசிக்க ஆள் தேடுவதற்கே இங்கே ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு ஆரோவில்லில் ஒரு அம்மா கிடைத்தார், பதிவுக்கு மூன்று முறை வந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

சென்னையில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் ஒன்றுக்கும் போனோம், அதையும் மறைப்பானேன். எந்த நாடு வேண்டுமானாலும் அமையும் என்றார்கள். வயோலா என்றதும் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். கடைசியில் இசை மேலாண்மையில் ஒரு படிப்பின் வண்ணத்தாளை நீட்டினார்கள். இந்தத் துறையில் இடைத்தரகர் தேவையே இல்லை, பேராசிரியருக்கு நேரே எழுதினால் பெரும்பாலும் பதில் எழுதுகிறார்கள்.

ஏப்ரலில் அவள் மேசையில் இரண்டு கடிதம் இருந்தன. லண்டன், கால் பங்கு தள்ளுபடி. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், முழுத் தள்ளுபடியோடு நால்வர் குழு உதவியாளர் பணி, ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். லண்டனின் பெயர் பெரியது. திரும்பி வந்து வகுப்பெடுத்தாலும் அந்தப் பெயருக்கு நம் ஊரில் மாணவர்கள் வருவார்கள், அதை நான் மறுக்கவில்லை. அவள் இரண்டு ஆசிரியர்களிடமும் இணையம் வழியாக ஒவ்வொரு பாடம் எடுத்தாள். லண்டன்காரர் பாராட்டினார். அமெரிக்காவில் இருந்தவர் நாற்பது நிமிடம் வலது கட்டைவிரலைப் பற்றி மட்டும் பேசினார். "மாமா, இவர்தான்" என்றாள். கால்குலேட்டரும் அதையே சொன்னது, நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

வங்கி மேலாளரிடம் கடைசியில் வாங்கியது விமான டிக்கெட்டுக்கும் முதல் இரண்டு மாதச் செலவுக்கும் ஒரு சிறு கடன். ஆகஸ்டில் போனாள். நிலைத் தேர்வில் செவித் திறனில் முழு மதிப்பெண். ஹார்மனியில் போதவில்லை, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரு பருவம் உட்கார்ந்திருக்கிறாள். நவம்பரில் அறைக்குள் சூடேற்றும் எந்திரம் ஓடத் தொடங்கியதும் நம் கடற்கரை ஈரத்திலேயே வளர்ந்த அந்த வயோலாவின் பக்கவாட்டில் ஒட்டு விட்டுவிட்டது. படம் அனுப்பியிருந்தாள். ஒட்ட எண்பது டாலர். பெட்டிக்குள் ஈரப்பதப் பை வைக்கச் சொல்லி நான் ஜூலையிலேயே சொன்னேன்.